முதுகுப்பை ரசிகர்

ஹிப் ஹாப் இசையின் வரலாற்றை எழுதியோர் ராப் பாடுவோரையும், இசைத்தட்டுச் சுழற்றும் டிஜேக்களையும், சுவரில் வண்ணம் தெளிப்போரையும், தரையில் சுழன்று ஆடுவோரையும் விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். எனினும், அவ்விசையைக் கேட்பதையே ஊதியமில்லாத ஓர் உயர்பதவியாக ஏற்று, ஒருநாளும் விடுப்பு எடுக்காமல் அதை வகித்துவரும் ஒரு சாராரை அவர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியில் இச்சாராருக்குப் பேக்பேக்கர், அதாவது முதுகுப்பைக்காரர், என்ற பெயர் நிலைத்தது. பையில் ஒலிநாடாக்களும் ஹெட்போனும் குறிப்பேடும் தடித்த வரலாற்று நூல் ஒன்றும் இருந்தன. காலப்போக்கில் பாட்டு கைபேசிக்குள் புகுந்துவிட்டதால் பை மறைந்துவிட்டது. அதைச் சுமந்ததால் முதுகில் ஏற்பட்ட கூனலும் முகத்தில் ஏற்பட்ட கவலையும் மட்டும் மறையவில்லை.

இந்த ரசிகர் கேட்பது சமூக உணர்வுள்ள ராப் என்று வகைப்படுத்தப்படும் இசை. வறுமை, நிறவெறி, காவல்துறையின் வன்முறை, சிறைச்சாலை, போதைப்பொருள் ஆகியவற்றைப் பொருளாகக் கொண்ட இவ்வகைக்கு, 1982-இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்ட் தி ஃபியூரியஸ் ஃபைவ் குழுவின் பெயரில் வெளிவந்த 'தி மெசேஜ்' பாடலைத் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். அந்தப் பாடலில் ஒலிப்பவை பெரும்பாலும் மெல்லி மெல், டியூக் பூட்டி ஆகிய இருவரின் குரல்களே என்பதும், நடனக் கூடத்துக்கு ஒவ்வாத இந்தச் சோகத்தைப் பாடக் குழுவினரே தயங்கினார்கள் என்பதும் இவருக்குத் தெரியும். தெரியும் என்பது அருகில் அமர்ந்திருப்பவர்களுக்கும் ஐந்து நிமிடத்துக்குள் தெரிந்துவிடும்.

இவருடைய நாட்காட்டியில் பண்டிகை என்று குறிக்கத்தக்க நாள் 1998 செப்டம்பர் 29. அன்று ஒரே நாளில் அவுட்காஸ்ட், எ டிரைப் கால்டு குவெஸ்ட், பிராண்ட் நூபியன், ஜே-ஸீ ஆகியோரின் ஆல்பங்களோடு, மோஸ் டெஃப், தாலிப் குவெலி இருவரும் பிளாக் ஸ்டார் என்ற பெயரில் இணைந்து செய்த ஆல்பமும் கடைகளுக்கு வந்தது. அந்தப் பெயர் 1919-இல் கறுப்பின மக்கள் தலைவர் மார்கஸ் கார்வி தொடங்கிய கப்பல் நிறுவனத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை இவர் சொல்லாமல் அந்த ஆல்பம் ஒருபோதும் ஒலிக்கத் தொடங்கியதில்லை. அவ்வாண்டு விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் வாரக்கணக்கில் அமர்ந்திருந்தது ஜே-ஸீயின் ஆல்பமே என்பதை இவர் தோல்வியாகக் கொள்வதில்லை. மக்கள் வாங்கவில்லை என்பதே தரத்துக்குச் சான்று என்ற அளவுகோல் இவரிடம் எப்போதும் தயாராக இருக்கிறது. பின்னர் 2003-இல் அதே ஜே-ஸீ, காசுக்காகத் தம் வரிகளை எளிமையாக்கியதாகப் பாட்டிலேயே ஒப்புக்கொண்டு குவெலியின் பெயரையும் சொல்லிவிட்டதால், இவர் அதை எதிர்த்தரப்புச் சாட்சியின் வாக்குமூலம்போலப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்.

இவரைச் சற்றே தடுமாறச் செய்யும் செய்தி ஒன்று உண்டு. பெருநிறுவனங்களின் பிடிக்கு எதிரானதென்று தன்னைக் காட்டிக்கொண்டு பிளாக் ஸ்டாரை வெளியிட்ட ராக்கஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்குத் தொடக்கத்தில் பணம் கொடுத்து உதவியவர், உலகின் மிகப் பெரிய ஊடக முதலாளிகளில் ஒருவரான ரூபர்ட் மர்டாக்கின் மகன் ஜேம்ஸ் மர்டாக். இந்தத் தகவல் முன்வைக்கப்படும்போது இவர் முதலில் மௌனம் காப்பார். பிறகு, முதலாளித்துவத்தைத் தன் பணத்தாலேயே தன்னை எதிர்க்க வைப்பதுதான் உண்மையான எதிர்ப்பு என்று விளக்குவார். இறுதியில், இதெல்லாம் தமக்கு அப்போதே தெரியும் என்பார்.

ஆனால் இவருடைய முழுத் திறமையும் வெளிப்படுவது 2015 மார்ச்சில் ராப் பாடகர் கென்ட்ரிக் லமார் வெளியிட்ட 'டு பிம்ப் எ பட்டர்ஃபிளை' ஆல்பத்தைப் பற்றிய கருத்தில்தான். பதினாறு பாடல்களும் ஏறத்தாழ 79 நிமிட நீளமும் கொண்ட அந்த ஆல்பத்தை முதல்முறை கேட்டதும் கருத்துச் சொல்பவர்களை இவர் மன்னிப்பதில்லை. மூன்றாம் முறைக்கு முன் வாய் திறப்பது அவமரியாதை என்றும், ஏழாம் முறைக்குப் பின்புதான் ஜாஸ் இசையின் இழைகள் பிரிந்து தெரியும் என்றும் கால அட்டவணை வகுத்திருக்கிறார். சாக்ஸஃபோனில் கமாசி வாஷிங்டன், பேஸ் கிதாரில் தண்டர்கேட், கீபோர்டில் ராபர்ட் கிளாஸ்பர் என்று இவர் பெயர்களை அடுக்கும் வேகத்தைக் கண்டால், பாடியவருக்கு அதில் வேலை ஏதும் இருந்ததா என்று ஐயம் எழும். ஆல்பம் நெடுகிலும் வரிவரியாக வளர்ந்துகொண்டே வரும் ஒரு கவிதையையும், 1996-இல் சுட்டுக் கொல்லப்பட்ட ராப் பாடகர் டூபாக் ஷக்கூர் 1994-இல் ஸ்வீடன் வானொலிக்கு அளித்த பேட்டியின் துண்டுகளைக்கொண்டு கடைசிப் பாடலில் அவரோடு உரையாடுவதுபோல அமைத்திருக்கும் உத்தியையும் இவர் விளக்குவது நியாயமே. அவை விளக்கத் தகுந்த உத்திகள். குறுந்தட்டோடு வந்த சிறு புத்தகத்தில் பிரெய்ல் எழுத்தில் ஒரு செய்தி மறைந்திருந்தது என்பதற்காக, குறுந்தட்டை இயக்கும் கருவி வீட்டில் இல்லாத நிலையிலும் இவர் அதை வாங்கினார் என்பதையும் ஈடுபாட்டின் கணக்கில் எழுதிவிடலாம். இத்தனைக்கும் பிறகு, ஆல்பம் பிடித்திருந்ததா என்று ஒருவர் கேட்டுவிட்டால், அந்த வினா தம் பாடத்திட்டத்தில் இல்லாததுபோல இவர் விழிப்பதுதான் விசித்திரம். முக்கியமானது, அவசியமானது, காலத்தின் தேவை என்ற சொற்கள் வரும். பிடித்திருந்தது என்ற சொல் வராது.

இந்தச் சிக்கல் உச்சம் அடைவது அதே ஆல்பத்திலுள்ள 'கிங் குன்டா' பாடலில். அலெக்ஸ் ஹேலி 1976-இல் எழுதிய 'ரூட்ஸ்' நாவலில், தப்பியோட முயன்றதற்குத் தண்டனையாகக் காலின் முன்பாதி வெட்டப்படும் அடிமை குன்டா கின்டே என்பவரின் பெயர் அது. பாட்டோ ஃபங்க் என்ற இசை வகையில், கனத்த பேஸ் ஒலி தரையிலிருந்தே எழுவதுபோல அமைந்து, கேட்பவரின் காலைக் கேளாமலே இயக்கிவிடும். விருந்தொன்றில் அது ஒலிக்கும்போது கூடியிருப்போர் அனைவரும் காலால் தரையை மிதித்து ஆடிக்கொண்டிருக்க, ஆடுவோர் ஒவ்வொருவரையும் நிறுத்தி, கால் வெட்டப்பட்ட கதையைச் சொல்லி வருபவர் இவரே. வெட்டப்பட்ட காலின் பெயரால் ஆட வைப்பதே அந்தப் பாட்டின் திமிர் என்பதும், கதை தெரிந்தே ஆடுபவர்களும் அங்கே இருக்கக்கூடும் என்பதும் இவருக்குத் தோன்றுவதில்லை.

இவருடைய உடலுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே அசைவு தலையாட்டல். கர்நாடக இசைக் கச்சேரியின் முன்வரிசையில் கண்மூடி அமர்ந்து, நிரவல் முடியும் இடத்தை மற்றவர்களுக்கு முன்பே அறிந்து ஆமோதிக்கும் ரசிகரைப்போல, இவரும் புருவத்தைச் சுருக்கித் தாளத்துக்கு அரைக்கணம் பிந்தித் தலையசைப்பார். சேர்ந்து பாடும்போது இன்னொரு நுட்பமும் தேவைப்படுகிறது. கறுப்பின மக்களை இழிவுபடுத்தப் பயன்பட்டு, பின்னர் அம்மக்களே தமக்குள் எடுத்தாண்டுகொண்ட சொல்லொன்று இப்பாடல்களில் அடிக்கடி வரும்; வெள்ளையரான இவர் அந்த இடம் வந்ததும் இருமுவார், அல்லது தண்ணீர் குடிப்பார். 2018 மே மாதம் அலபாமாவில் நடந்த இசைவிழாவில், மேடைக்கு அழைக்கப்பட்ட வெள்ளை இன ரசிகை ஒருவர் இருமத் தவறிவிட, லமார் பாட்டையே நிறுத்திய செய்தி பரவியது முதல் இவர் தண்ணீர்ப் பாட்டிலைக் கையோடு வைத்திருக்கிறார்.

அரங்கை நிரப்புவோர் பெரும்பாலும் இவரைப் போன்ற வெள்ளை இனக் கல்லூரி மாணவர்களே என்ற நிலை கலைஞர்களுக்கும் தெரியாததன்று. வெள்ளை இன இளைஞர்களுக்கு இவ்விசைமேல் ஏற்பட்ட ஈர்ப்பைப் பற்றி பக்காரி கிட்வானா 2005-இல் ஒரு நூலே எழுதினார். இவரும் அதை வாங்கி, அதில் சொல்லப்பட்டிருப்பவர்களைக் கண்டு வருந்தினார். லமாரின் 'ஆல்ரைட்' பாடலைக் காவல்துறை வன்முறைக்கு எதிரான ஊர்வலங்களில் கறுப்பின இளைஞர்கள் முழக்கமாக்கியபோது, அந்த முழக்கத்தின் இசையமைப்பு நுணுக்கங்களை இவர் வீட்டிலிருந்தபடி ஆராய்ந்துகொண்டிருந்தார். இதை இவருடைய குற்றமாக மட்டும் சொல்லிவிட முடியாது. ஆல்பத்தைப் புரிந்துகொண்டதே ஒரு செயல் என்று நம்பும் வசதி, படித்த வர்க்கத்துக்கு எந்த நாட்டிலும் கிடைப்பதுதான்.

சிந்திக்க வைக்கும் பாட்டு வேறு, ஆட வைக்கும் பாட்டு வேறு என்ற பாகுபாடு இவரைப் போன்றோர் எழுப்பிய சுவர் என்றே கருதத் தோன்றுகிறது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் குடியிருப்பில், ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த சிண்டி கேம்பல், பள்ளி திறப்பதற்குமுன் புதுத்துணி வாங்கப் பணம் சேர்ப்பதற்காக ஒரு விருந்து நடத்தினார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். அவருடைய அண்ணன் கூல் ஹெர்க், ஆடுவோர் எந்த இடத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்று கவனித்து, பாட்டில் குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் பிரேக் என்னும் பகுதியை நீட்டிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். உழைக்கும் மக்களின் குடியிருப்பில் துணிக்காக நடந்த அந்த ஆட்டத்தைச் சமூக உணர்வு இல்லாததென்று ஒதுக்க இவராலும் முடிவதில்லை. அதனால்தான் அந்தக் கட்டடத்தின் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அங்கே ஆடினார்கள் என்பதை மறந்துவிடுகிறார்.

'டு பிம்ப் எ பட்டர்ஃபிளை'க்குப் பின் லமார் வெளியிட்ட ஆல்பம் ஒன்று 2018-இல் இசைக்கான புலிட்சர் பரிசைப் பெற்றது. செவ்விசைக்கும் ஜாஸுக்கும் வெளியே அப்பரிசு சென்றது அதுவே முதல்முறை என்பதால் இவர் மகிழ்ந்தாலும், இனி எல்லோரும் கேட்பார்களே என்ற வருத்தமும் உடன் வந்தது. அதைவிடப் பெரிய சோதனை 2024-இல் நேர்ந்தது. சக பாடகர் டிரேக்கைத் தாக்கி லமார் வெளியிட்ட 'நாட் லைக் அஸ்' என்ற வசைப்பாட்டு, கல்யாண வீடுகளிலும் விளையாட்டு அரங்குகளிலும் ஒலித்து, மறு ஆண்டு ஐந்து கிராமி விருதுகளையும் பெற்றது. தாம் முனிவராக வழிபட்டவர் ஊரையே ஆட வைத்துவிட்ட நிலையில் இவர் முதலில் ஒரு வாரம் பேசவில்லை; பின்னர், அதிலுள்ள தாளம் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தின் நடன மரபைச் சேர்ந்தது, கறுப்பினப் பண்பாட்டைச் சுரண்டுவோரைப் பற்றிய விமரிசனம் மூன்றாம் பகுதியில் வருகிறது, ஆகவே இதற்கு ஆடுவது ஒருவகையில் ஆய்வே என்ற முடிவுக்கு வந்திருக்கிறார். ஆடுவதற்கு முன் இக்காரணங்களை அருகிலிருப்போருக்கு வரிசையாக எடுத்துரைக்க ஏறத்தாழ ஆறு நிமிடம் பிடிக்கிறது. பாட்டின் நீளமோ நாலரை நிமிடம்தான்.