கோலத்தின் மேல் ஒரு போன்

போனை மேலே வைத்தால் கோலம் மறைந்துவிடும். கோலம் தெரிகிறதென்றால் போன் சார்ஜ் ஆகவில்லை. அலங்கார ஒயர்லெஸ் சார்ஜிங் பேடின் முழுத் தத்துவமும் இவ்வளவுதான். இருந்தும் அதற்கு டிசைன் தேர்ந்தெடுக்க எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போயிற்று.

கடையில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று கறுப்பு வட்டம். நடுவில் பெருக்கல் குறி, ஓரத்தில் ரப்பர் வளையம். வேலையில் சமர்த்து, முகத்தில் களை கிடையாது. மற்றது அலங்கார ரகம்: தேக்கு, மார்பிள், தக்கை, துணி, மயில்தோகை, தாமரை. கூடக் கொஞ்சம் காசு கொடுத்தால் நம் கல்யாணப் போட்டோவையே அச்சடித்துத் தருவார்கள். மனைவி அதைக் கேட்டதுமே நிராகரித்தாள். "தினம் ராத்திரி என் மூஞ்சியில போனைப் போட்டு மூடப் போறீங்களா?"

சென்னை ரிச்சி தெருக் கடைக்காரர் பிள்ளையார் படம் போட்ட ஒன்றை நீட்டினார். அதைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பியதும் அம்மா கூப்பிட்டாள். "டேய், சாமி தலைமேலயா போனை வைப்பே? அதுவும் நீ அந்தப் போன்ல பார்க்கிற கண்றாவிக்கு?" மேற்கொண்டு விசாரணை வருவதற்குள் புள்ளிக்கோலம் போட்டதை எடுத்துக்கொண்டேன். கோலத்தின் மேல் வைத்தால் மட்டும் பாவமில்லையா என்று கேட்டதற்கு, "மணையே கோலத்து மேலதானேடா போடறோம்" என்று தீர்ப்பு வந்தது.

பெட்டியைப் பிரித்தால் முதலில் கைக்கு வருவது ஒரு ஒயர். பேடைச் சுவரோடு இணைக்க அது வேண்டும். சுவரில் மாட்டும் அடாப்டர்? "அது தனி சார்." பழைய போனோடு வந்து பழுப்பேறிப்போன 5 வாட் அடாப்டரை மாட்டிச் சமாளிக்கவும் முடியாது. பேடில் 15 வாட் என்று அச்சடித்திருந்தாலும் அதற்குப் பின்னால் 20 வாட்டாவது கொடுக்கிற அடாப்டர் இருந்தால்தான் வேலை நடக்கும். ஆக, ஒயர் ஒழிந்தது போனுக்கும் பேடுக்கும் நடுவிலிருந்த கொஞ்சதூரத்துக்கு மட்டும். மிச்சத்தைப் பூந்தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறோம்.

இதன் சூட்சுமத்தை அம்மாவுக்கு விளக்க 1831-இல் மைக்கேல் ஃபாரடே இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றியதிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு சுருளில் மின்சாரம் மாறும்போது தொடாமல் இருக்கிற இன்னொன்றிலும் மின்சாரம் எழும். பேடுக்குள் ஒன்று, போனின் முதுகுக்குள் ஒன்று. அம்மா பாதியிலேயே கையமர்த்தினாள். "இண்டக்ஷன் அடுப்புன்னு சொல்லிட்டுப் போயேன். நடுவுல வைக்கணும். தூக்கிப் பிடிச்சா ஆகாது. அலுமினியப் பாத்திரத்தை வச்சா ஒண்ணும் நடக்காது." ஃபாரடே இருந்திருந்தால் அவரும் ஒப்புக்கொண்டிருப்பார்.

அந்த "நடுவுல"தான் சிக்கல். இரண்டு சுருளுக்கும் இடையில் சில மில்லிமீட்டர்தான் இருக்கலாம். பக்கவாட்டில் ஒரு விரற்கடை விலகினால் சம்பந்தம் முறிந்துவிடும். கறுப்பு வட்டத்தில் பெருக்கல் குறி வழிகாட்டும். நம் அலங்காரத்தில் கோலத்தின் நடுப்புள்ளியை வைத்தவர் டிசைன்காரர், சுருளின் நடுவைத் தீர்மானித்தவர் தொழிற்சாலைக்காரர். இருவரும் சந்தித்துக்கொண்டதே இல்லை என்பது என் முடிவு. எங்கே வைத்தாலும் சார்ஜ் ஆகும் ஒரு பேடைச் செய்வோம் என்று 2017 செப்டம்பரில் ஆப்பிளே அறிவித்தது. 2019 மார்ச்சில், சரிப்படவில்லை என்று கைகழுவிவிட்டது. அதைப் படித்தபிறகு டிசைன்காரர் மேல் எனக்குக் கோபம் பாதியாகிவிட்டது.

சரியாகவே வைத்துவிட்டுப் படுத்தாலும், விடியற்காலையில் குடும்பக் குழு விழித்துக்கொள்ளும். பெரியப்பா ஒரு ரோஜாப்பூ அனுப்புவார். போன் அதிர்ந்து ஒரு நூல் நகரும். அத்தை சூரியோதயம் அனுப்புவாள், இன்னொரு நூல். சின்ன மாமாவின் பொன்மொழி மூன்று தவணையாக வரும். எல்லோரும் வாழ்த்தி முடிப்பதற்குள் போன் கோலத்தின் கடைசிப் புள்ளிக்கு வந்திருக்கும். ரப்பர் வளையம் இருந்தால் பிடித்து நிறுத்தியிருக்கும். டிசைனை மறைக்குமென்று அதை வைக்காமல் விட்டிருக்கிறார்கள். காந்தம் வைத்துக் கவ்விக்கொள்ளும் ரகங்களும் வந்துவிட்டன. அவற்றில் கோலம் கிடையாது.

மே மாதச் சென்னையில் வேறொரு வேடிக்கை. இந்த முறையில் மின்சாரத்தில் கணிசமான பங்கு வெறும் சூடாகப் போகும். சூடு ஏறினால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சார்ஜைக் குறைத்துவிடும். மின்விசிறிக்கு நேர்கீழே இருக்கிற நல்ல இடத்தைப் போனுக்குக் கொடுத்துவிட்டு நான் ஓரத்தில் படுக்கிறேன்.

கூடத்து மேசையில் தட்டையாக, வட்டமாக, அழகாக ஒன்று இருந்தால் விருந்தாளி அதன்மேல் காபி டம்ளரைத்தான் வைப்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அப்படி ஒருநாள் மாமாவின் எவர்சில்வர் டம்ளர் வந்து உட்கார்ந்ததும் பேட் சிவப்பு விளக்கை மினுக்கியது. "என்னடா, உன் மேசை என்னைப் பார்த்து முறைக்குது?" என்றார் மாமா. அன்னிய உலோகத்தைக் கண்டுபிடித்து நின்றுவிடும் ஏற்பாடு அது. ஒயர்லெஸ் சார்ஜிங்குக்கான கியூஐ (Qi) தரச்சான்று பெற்ற பேடில் அது இருந்தாக வேண்டும். மலிவுச் சரக்கில் அதை நம்ப முடியாது, சாவியோ காசோ சுட்டுவிடலாம். அதனால் முதலில் சான்று, அப்புறம்தான் மயில்தோகை. எங்கள் பேட் நல்ல ரகம். அம்மாவின் கொண்டை ஊசிக்கும் முறைக்கும்.

அப்பாவின் கதைதான் தனி. ஒயர் வேண்டாம் என்ற செய்தி மட்டும் அவரை எட்டியிருந்தது. ராத்திரி பயபக்தியோடு கோலத்தின் நடுவில் தன் போனை வைப்பார். காலையில் அது அணைந்து கிடக்கும். இங்கே குறைந்த விலைப் போன்களில் பெரும்பாலானவற்றுக்குள் அந்தச் சுருளே கிடையாது. அம்மா சொன்ன அலுமினியப் பாத்திரம் அதுதான். எடுத்துச் சொன்னேன், கேட்கவில்லை. "உன்னுதுக்கு ஆகுது, என்னுதுக்கு ஏன் ஆகாது?"

கடைசியில் அவரே கடைக்குப் போய் ஸ்டிக்கர் மாதிரி ஒரு மெல்லிய தகடு வாங்கி வந்தார். சுருள் அதற்குள் இருக்கிறது. போனின் முதுகில் ஒட்டி, அதிலிருந்து வரும் பட்டை வாலைச் சார்ஜ் துளையில் செருகி, மேலே உறை மாட்டிவிட்டால் தீர்ந்தது. இப்போது உண்மையாகவே சார்ஜ் ஆகிறது, ஆமை வேகத்தில். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார், துளையில் செருகிய ஒயரை விரலால் மறைத்துக்கொண்டு: "பாருங்க, ஒயரே கிடையாது!"