டொங்கிளின் உருபு மயக்கம்: ஒரு கிளிநொச்சி ஆய்வு

ஆய்வுக்களம், கிளிநொச்சி இரணைமடுச் சந்திக்குக் கிழக்கே ஒரு விறாந்தை. ஆய்வுக் கருவிகள்: உபுண்டு 22.04 போட்ட பழைய மடிக்கணினி, விரல்நகம் அளவு வைபை டொங்கிள், பிளேன்ரீ.

முதலில் முன்னோர் வரலாறு. லினக்ஸில் வைபை என்றாலே நெடுங்காலத் தகராறு. புரோட்கொம் தன் சில்லுகளுக்குத் திறந்த மூல இயக்கியை வெளியிட்டதே 2010 செப்ரெம்பரில்தான். அதற்கு முன் என்டிஐஎஸ்ராப்பர் என்ற கருவி, விண்டோஸ் எக்ஸ்பியின் இயக்கியையே வேடம் கட்டி லினக்ஸுக்குள் ஆடவிட்டது. முல்லைத்தீவுக் கோவலன் கூத்தில் ஆணே கண்ணகியாக வருவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

இனி டொங்கிள். கொழுவினேன். கணினி அதை வைபை என்று சொல்லவில்லை, சிடி என்றது. பொய்யில்லை. அது வயிற்றுக்குள் விண்டோஸ் இயக்கியை வைத்துக்கொண்டு சிடியாக நடிக்கிறது. இயக்கியை நிறுவிய பிறகுதான் வேடம் கலைக்கும். லினக்ஸில் நாமே இஜெக்ட் கட்டளை கொடுத்து, இல்லாத சிடியை வெளியே தள்ள வேண்டும். உருபு ஒன்று, பொருள் வேறொன்று. இலக்கணத்தில் இது உருபு மயக்கம். தொல்காப்பியர் வேற்றுமையோடு நிறுத்திக்கொண்டது நமக்கு நட்டம்.

மயக்கம் தெளிந்தும் இணைப்பு வரவில்லை. இந்த டொங்கிளின் சில்லுக்கான இயக்கி லினக்ஸ் கேர்னலில் சேர்ந்தது 2023 பெப்ரவரியில், 6.2இல். என்னிடம் ஓடியது 5.15. ஆகவே மூலநிரலை இறக்கி வீட்டிலேயே கொம்பைல் பண்ண வேண்டும். இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு டொங்கிள் வேண்டும், டொங்கிளுக்கு இயக்கி வேண்டும். இரண்டு மட்டும் என்றால் தருக்க நூலார் அந்நியோந்நியாச்சிரயம் என்பர், மூன்றானபடியால் சக்கரகம். பக்கத்து வீட்டு அண்ணை "விசர் வேலை" என்றார்.

வழி சொன்னவரும் அவரே. "தம்பி, போனை வயரிலை கொழுவன்."

கொழுவி, யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டேன். போன் வீட்டு வைபையைப் பிடித்து வயர் வழியே கொடுத்தது. லினக்ஸ் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டது. டொங்கிள் செய்ய வேண்டிய வேலை அத்தோடு முடிந்துவிட்டதை ஆய்வாளர் கவனிக்கவில்லை. அவர் கொம்பைல் பண்ணிக்கொண்டிருந்தார்.

அரை மணித்தியாலத்தில் டொங்கிளில் நீல வெளிச்சம் மினுங்கியது. மூன்றாம் நாள் அப்டேட்டில் கேர்னல் மாற, இயக்கி பழைய கேர்னலோடேயே நின்றுவிட்டது. டிகேஎம்எஸ் என்ற கருவியைப் போட்டிருந்தால் தானாகவே திரும்பக் கட்டியிருக்கும் என்பது பிற்காலக் கண்டுபிடிப்பு.

"என்ன தம்பி, இன்னும் பிடிக்குதில்லையோ?"

"இல்லையண்ணை."

"வயர் கிடக்குதுதானே."

கிடந்தது.