மூட்டை கட்டும் கலை

பத்து நாள் எகிப்துப் பயணத்தில் ஒட்டகம் ஏறினேன். லக்சரில் விடியற்காலை பலூனில் பறந்தேன். கெய்ரோவில் சாலையைக் குறுக்கே கடந்தேன். மூன்றில் எது உயிருக்கு ஆபத்து என்று கேட்டால், யோசிக்காமல் மூன்றாவதைத்தான் சொல்வேன். பலூனுக்காவது ஏறும் முன் பாதுகாப்பு விதிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆனால் நிஜமான சாகசம் கடைசி இரவில், ஹோட்டல் அறையில்தான் தொடங்கியது. பெட்டி மூடவில்லை.

பெட்டிக்கு அனுமதி 23 கிலோ. மனைவியின் பெட்டி 22.9 கிலோவில் கச்சிதமாகப் பூட்டப்பட்டு வாசலோரம் நின்றது. அதில் கொள்ளாதது எல்லாம் என் பெட்டியில். கைத்தராசில் தூக்கினேன்: 28.

"ஏங்க, தராசு பழுதா இருக்கும்" என்றாள். தராசைத் தேடி வாங்கியதும் அவள்தான் என்பதை நான் நினைவூட்டவில்லை. பத்து நாள் சேர்ந்து சுற்றிய பிறகும் பேசிக்கொள்ளும் நிலையில் இருந்தோம், அதைக் கெடுப்பானேன்?

பெட்டியைக் கவிழ்த்தேன். முதலில் உருண்டவை மூன்று அலபாஸ்டர் பூனைகள். லக்சரின் மேற்குக் கரையில், கடைக்காரர் பூனையின் அடியில் டார்ச் அடித்து, கல் ஒளிர்வதைக் காட்டி ஒரு விலை சொன்னார். நான் அதில் மூன்றில் ஒரு பங்கைச் சொல்லிவிட்டு, ஊர் வழக்கப்படி நடையைக் கட்டினேன். பின்னாலிருந்து "அமிதாப் பச்சன்!" என்று குரல் வந்தது. இந்திய முகத்தைக் கண்டால் அங்கே கடைத்தெரு அப்படித்தான் கூப்பிடுகிறது. எனக்கோ வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்த்துவிட்டேன். ஒரு பூனை வாங்கப் போனவன் மூன்று பூனைகளோடு வந்த கதை இதுதான்.

அடுத்து, பாப்பிரஸ் ஓவியம். கோரைத் தண்டைச் சீவி, ஊறவைத்து, அழுத்திச் செய்த அசல் தாள் என்று சத்தியம் பண்ணினார்கள். வாழைப்பட்டையில் செய்த போலியும் சந்தையில் உண்டு என்று வழிகாட்டி சொன்னார், நான் பணம் கொடுத்த பிறகு. கொல்லையில் ஆறு வாழை வைத்திருப்பவனுக்கு இது தேவையா? அதற்கும் அடியில் அஸ்வானில் வாங்கிய கர்க்கடே என்ற செம்பருத்தி வகைத் தேநீர்ப் பூ, ஒரு கிலோ. குளிரவைத்துக் குடித்தால் அமிர்தம். விசாரித்தால், அது நம் புளிச்சகீரைக்கு ஒன்றுவிட்ட சகோதரி.

கீஸாவின் பெரிய பிரமிடுக்குள் போனது ஞாபகம் வந்தது. முதுகை இரண்டாக மடித்துக்கொண்டு, மூச்சிரைக்க ஏறி, உச்சி அறையில் நிமிர்ந்தால் அங்கே இருப்பது ஒரே ஒரு கல்பெட்டி. உள்ளே ஒன்றுமில்லை, மூடியும் இல்லை. அன்று ஏமாற்றமாக இருந்தது. இன்று ஆறுதலாக இருக்கிறது: கூஃபு மன்னரின் பெட்டியும் மூடவில்லை. அதே சமயம் கூச்சமாகவும் இருந்தது. ஏறத்தாழ 23 லட்சம் கற்களை அடுக்கிய ஊரில் உட்கார்ந்துகொண்டு, 23 கிலோவை அடுக்கத் தெரியாமல் விழிக்கிறேன்.

உலகத்திலேயே மூட்டை கட்டுவதில் கெட்டிக்காரர்கள் எகிப்தியர்கள்தான். ஓர் ஆளை மம்மியாகக் கட்டி முடிக்கவே 70 நாள் எடுத்துக்கொண்டார்கள். இடத்தை வீணாக்கவும் மாட்டார்கள். இரண்டாம் ராம்சேஸ் மன்னரின் மூக்குக்குள் மிளகு வைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஷூவுக்குள் சாக்ஸைத் திணிக்கும் உத்தியின் மூலம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

துத்தன்காமனுக்கோ எடைக் கட்டுப்பாடே கிடையாது. 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த அந்தச் சின்னக் கல்லறையில் 5,000க்கும் மேற்பட்ட பொருள்கள். ஆறு ரதங்கள், ஏறத்தாழ 130 கைத்தடிகள், நூற்றைத் தாண்டும் கோவணத் துணிகள். இந்தக் கணக்கை என் மனைவி மாதிரி யாரோதான் போட்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் வெளியே எடுக்கவே கார்ட்டருக்குப் பத்து வருஷம் பிடித்தது. கடைசியில் என்ன ஆயிற்று? சாமான்கள் கீஸாவின் புதிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மன்னர் மட்டும் 500 கிலோமீட்டருக்கு அப்பால், லக்சர் கல்லறையிலேயே தனியாகப் படுத்திருக்கிறார். ஆள் ஓரிடம், லக்கேஜ் ஓரிடம். விமானப் பயணிகளில் பலருக்கும் தெரிந்த துயரம்தான்.

இந்தத் தத்துவத்தை மனைவியிடம் எடுத்துச் சொல்லி, பூனைகளை இங்கேயே விட்டுவிடலாமே என்றேன்.

"அபு சிம்பெல்ல ஒரு கோயிலையே 20, 30 டன் துண்டா அறுத்து, 65 மீட்டர் மேல தூக்கி வெச்சிருக்காங்க. உங்களுக்கு மூணு பூனைய வைக்க இடமில்லையா?"

1964 முதல் 1968 வரை, அஸ்வான் அணைத் தண்ணீரில் கோயில் மூழ்காமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. எனக்கு நாலு வருஷம் அவகாசம் இல்லை. நாலு மணி நேரம்தான் இருந்தது.

ஆகவே என் சட்டைகள் மூன்று, கனமான ஷூ, பாதி படித்த இரண்டு தடித்த புத்தகங்கள் எகிப்துக்குத் தானமாயின. பூனைகள் சாக்ஸ் அணிந்துகொண்டு புறப்பட்டன. விமான நிலையத்தில் எடை 22.8.

வீட்டுக்கு வந்து சட்டைப்பையைத் துழாவினேன். வழியெல்லாம் கதவு திறந்தவர், படம் பிடித்தவர், கழிவறையில் காகிதம் நீட்டியவர் என்று எல்லோருக்கும் பக்‌ஷீஷ் கொடுத்ததுபோக, ஒரே ஒரு பவுண்டு நாணயம் மிச்சம். அதில் துத்தன்காமனின் முகம்.

எகிப்து போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பெட்டியைப் பாதி காலியாகக் கொண்டுபோங்கள். சட்டைப்பையைச் சில்லறையால் நிரப்பிக்கொள்ளுங்கள். யார் "அமிதாப் பச்சன்!" என்று கூப்பிட்டாலும், அது உங்களை இல்லை.