புது வண்டி, புதுச் சத்தம்: பிரேக் பற்றிச் சில கேள்விகள்

கே: நேற்றுதான் டெலிவரி. இன்று காலையில் பார்த்தால் பிரேக் டிஸ்க் முழுக்கத் துரு! யார்டில் கிடந்த பழைய வண்டியைத் தலையில் கட்டிவிட்டார்களா?

ப: டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. பேட் உரசும் பரப்பில் பெயின்ட் நிற்காது, எண்ணெய் தடவவே கூடாது. அதனால் ஓர் இரவு மழையோ ஒரு வாட்டர் வாஷோ போதும், காலைக்குள் செம்பழுப்பு படிந்துவிடும். ஆள் இல்லாத தெருவில் நாலைந்து முறை பிரேக் பிடித்தால் பேட்டே அதைச் சுரண்டி எடுத்துவிடும். அப்போது எழும் கரகரப்பும் அதோடு போய்விடும்.

சில நாள் ஓட்டிய பிறகும் பேட் உட்கார்ந்திருந்த வடிவத்தில் ஒரு பட்டை அழியாமல் தெரிந்தால் கதை வேறு. ஈரமான இடத்தில் வண்டி நெடுநாள் அசையாமல் நின்றிருக்கிறது. சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டை பேட்டில் தட்டி, மிதியில் துடிப்பாகத் தெரியும். டிஸ்க்கைக் கடைந்து சரிசெய்யவோ மாற்றவோ கேட்கலாம். வண்டியின் வயதில் சந்தேகம் இருந்தால் ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதத்தைப் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டிலும் நான்கு இலக்கம் இருக்கும்; 2324 என்றால் அந்த டயர் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது.

கே: சிக்னலில் நிறுத்தும்போதெல்லாம் கீச்சென்று கத்துகிறது. டிராஃபிக் போலீஸே திரும்பிப் பார்க்கிறார்.

ப: டிஸ்க்கும் பேட்டும் உரசும்போது எழும் மிக வேகமான அதிர்வுதான் அந்தக் கீச்சல். புது பேட்டின் பரப்பும் புது டிஸ்க்கின் பரப்பும் ஒன்றோடொன்று படிய முதல் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை மிதமான வேகத்திலிருந்து படிப்படியாகப் பிடித்துப் பழக்க வேண்டும். அவசரம் என்றால் மட்டும் முழு அழுத்தம். அதன் பிறகும் கத்தினால் இடையில் தூசி சிக்கியிருக்கலாம், பேட்டுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடு நழுவியிருக்கலாம். இரண்டையும் சர்வீஸ் சென்டரில் அரை மணியில் சரிசெய்துவிடலாம்.

கே: வாங்கியது செகண்ட் ஹேண்ட். எனக்கு மட்டும்தான் புதுசு. இதே கீச்சல்தான்.

ப: இங்கே பதில் மாறும். பல பேட்களில் ஒரு சிறு உலோக நாக்கு இருக்கிறது. பேட் தேய்ந்து மெலிந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டு அலறும்படி வைத்தே செய்திருக்கிறார்கள். வாங்கிய வாரமே நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

கே: குறுக்கே நாய் பாய்ந்தது. ஓங்கி மிதித்தால் பெடல் காலைத் திருப்பி உதைக்கிறது, கீழே கடகடவென்று சத்தம். பயந்து காலை எடுத்துவிட்டேன்.

ப: நாய் பிழைத்தது அதிர்ஷ்டம். காலை எடுத்ததுதான் பிழை, பிரேக்கில் பிழை இல்லை. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கத் தொடங்கும் கணத்தில் ஏபிஎஸ் அந்தச் சக்கரத்தின் அழுத்தத்தை நொடிக்குப் பல முறை தளர்த்தி இறுக்குகிறது. அந்த வேலைதான் உதைப்பாகவும் சத்தமாகவும் காலுக்கு வந்து சேர்கிறது. வண்டி நிற்கும்வரை அழுத்திய கால் அழுத்தியபடியே இருக்க வேண்டும், ஸ்டீயரிங்கைத் தாராளமாகத் திருப்பலாம். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்கும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் அது வேலை செய்யும்போது எப்படி இருக்கும் என்பதைச் சாவி கொடுக்கும்போது யாரும் சொல்லித் தருவதில்லை. காலியான மைதானத்தில் ஒருமுறை வேண்டுமென்றே அழுத்திப் பழகிக்கொள்வது உயிர் காக்கும்.

கே: இத்தனையும் ‘சகஜம்’ என்றால், எதற்குத்தான் பயப்படுவது?

ப: மிதியின் ஆழம் மாறினால். சத்தம் போடும் பிரேக் பெரும்பாலும் நன்றாகவே நிறுத்தும். சத்தமே இல்லாமல் நாளுக்கு நாள் கீழே இறங்கும் மிதிதான் ஆபத்து. மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைக் குழாய் வழியே தள்ளி, பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் பிஸ்டனை நகர்த்துகிறது. திரவம் அமுங்காது. ஆகவே மிதி ஓரிடத்தில் கெட்டியாக நின்றாக வேண்டும். குழாயில் காற்று இருந்தால் அது அமுங்கும். மிதி பொதபொதவென்று இறங்கும், இரண்டு மூன்று முறை விட்டு விட்டு அழுத்தினால் கெட்டிப்படும்.

நிறுத்திய வண்டியிலேயே சோதித்துவிடலாம். என்ஜினை அணைத்துவிட்டு ஐந்தாறு முறை மிதித்து, கடைசி அழுத்தத்தை விடாமல் ஸ்டார்ட் செய்தால் மிதி சற்றே இறங்கும். கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். பலர் இதையே கோளாறு என்று எண்ணிப் பதறுகிறார்கள். என்ஜின் ஓட ஓட அரை நிமிடம் ஒரே அழுத்தத்தில் மிதித்திருக்க வேண்டும். அப்போது மிதி மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போனால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே அழுத்தம் நழுவுகிறது. பிறகு அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போகக் கூடாது. இழுவை வண்டியை வரச்சொல்ல வேண்டும்.

பிரேக் ஆயில் டப்பாவில் மேல் கோடும் கீழ் கோடும் உண்டு. பேட் தேயத் தேய மட்டம் இறங்குவது இயல்பு, ஆனால் அதற்குப் பல மாதங்கள் ஆகும். சில வாரத்திலேயே கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தால் கசிவுதான். அதைத் தேடாமல் ஊற்றி நிரப்பி அனுப்பும் மெக்கானிக் வேலையை முடிக்கவில்லை.

கே: பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் போகிறது. ஒரு சக்கரம் மட்டும் தொட முடியாத சூடு.

ப: டயர்களில் காற்று சமமாக இருக்கிறதா என்பது முதல் பார்வை. அது சரி என்றால், சூடான சக்கரத்தில் காலிப்பர் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காமல் பேட்டைப் பிடித்தபடியே இருக்கக்கூடும். பின் சக்கரம் என்றால் ஹேண்ட் பிரேக் முழுதாக விடுபடாதது காரணமாகலாம். உடனே காட்ட வேண்டிய கோளாறு இது.

கே: ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் கருகிய வாசனை. புது பிரேக் போய்விட்டதா?

ப: போகவில்லை, களைத்திருக்கிறது. கொண்டை ஊசி வளைவு முழுக்க மிதியிலேயே கால் இருந்தால் பேட் சூடேறி உரசும் பிடிப்பை இழக்கும். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ, அதே கியரில் இறங்குவதுதான் முறை. பழைய பிரேக் ஆயிலில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி, மிதியில் வெறுமை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான்.

கே: டாஷ்போர்டில் மஞ்சளும் சிவப்புமாகத் தீபாவளி.

ப: மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் என்றால் சாதாரண பிரேக் இருக்கும், மெதுவாக ஓட்டிப் போய்க் காட்டலாம். ஹேண்ட் பிரேக்கை விட்ட பின்னும் சிவப்பு எரிந்தால் ஓரம்கட்ட வேண்டும்.

கே: சர்வீஸ் அட்வைசர், “இந்த மாடல் எல்லாமே இப்படித்தான் சார்” என்கிறார்.

ப: அப்படியானால் அதே மாடலில் இன்னொரு வண்டியை ஓட்டிக்காட்டச் சொல்லலாம். எல்லாமே அப்படித்தான் என்பது குறை இல்லை என்பதற்கு ஆதாரமும் ஆகாது. வழுக்கும் சாலையிலோ மேடுபள்ளத்திலோ பிரேக் ஒரு கணம் நழுவுவதுபோல் இருக்கிறது என்று டொயோட்டாவின் பிரியஸ் ஹைப்ரிட் காரை ஓட்டியவர்கள் புகார் செய்தார்கள். 2010 பிப்ரவரியில் டொயோட்டா உலக அளவில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹைப்ரிட் கார்களைத் திரும்ப அழைத்து ஏபிஎஸ் மென்பொருளை மாற்றியது. காலுக்குப் பட்டதைத் தயங்காமல் சொன்னவர்களால் நடந்தது அது.

வாயால் சொன்ன புகார் நிற்காது. எந்த வேகத்தில், எத்தனை கிலோமீட்டரில், மிதி எப்படி இருந்தது என்பதை ஜாப் கார்டில் எழுதவைத்து நகல் வாங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தேதியோடு. தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த படி, மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய வண்டிக்கு, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே, குறை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது அந்த ஜாப் கார்டுகள்தான்.