செட்டுக்காரர்

புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டைப் பக்கத்தில் எந்த ஊர்க் கோயிலில் காப்புக் கட்டியிருக்கிறது என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. காலையில் புளிய மரத்து உச்சியிலிருந்து சீர்காழி கோவிந்தராஜன் பிள்ளையாரைக் கூப்பிட்டால் கட்டியாயிற்று. பின்னாலேயே எல்.ஆர். ஈஸ்வரி அம்மனோடு வந்துவிடுவார். மரத்தடியில், மடித்துக் கட்டிய கைலியும் சட்டைப் பையில் டெஸ்டருமாக ஒருவர், உச்சியில் குழாய் கட்டும் பையனைப் பார்த்து, "வடக்கால திருப்புடா, வடக்கால" என்று கத்திக்கொண்டிருப்பார். அவர்தான் செட்டுக்காரர்.

பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் நாலு ஊர்ச் செட்டுக்காரர்கள் "என்னைத்தானே எழுதியிருக்கே?" என்று வருவார்கள். மற்ற செட்டுக்காரர்கள் "என்னை ஏன் விட்டே?" என்று வருவார்கள். இரண்டாவது வகைதான் பொல்லாதது. அவர்கள் கையில் மைக் இருக்கிறது.

ஆதியில் அவரிடம் இருந்தது மைக் செட் ஒன்றுதான். ஓர் ஆம்பிளிஃபையர், இரண்டு குழாய், ஒரு பெட்டி இசைத்தட்டு. 'குழாய்' என்று ஊரார் சொல்வது கூம்பு ஒலிபெருக்கியை. பிறகு சீரியல் செட் வந்தது. பச்சையும் சிவப்புமாக ஓடி ஓடி அணையும் அந்தக் குட்டி பல்புகளைக் கோயில் வாசலில் மாரியம்மன் உருவமாகவே கட்டி நிறுத்துவார். கரண்ட் போனால் மாரியம்மன் இருட்டில் நிற்கக் கூடாதே என்று ஜென்செட் வாங்கினார். அதற்குள் ஊரில் நாடகம் வேண்டும், மேளம் வேண்டும், பேண்டு வேண்டும் என்று ஆளுக்கொரு ஆசை. எல்லாவற்றுக்கும் புதுக்கோட்டையில் ஆள் தெரியும் என்றார் இவர். நாடக செட், நையாண்டி மேள செட், கரகாட்ட செட், பேண்டு செட் என்று எல்லா செட்டுக்கும் அட்வான்ஸ் இவர் கைக்கே போகத் தொடங்கியது. செட்டுக்காரர் என்ற பெயர் அப்போதுதான் முழுசாகப் பொருந்தியது.

இத்தனை செட்டையும் அவர் ஒரே சொல்லால் ஆள்கிறார், அதுவும் முன்னால் ஒட்டு எதுவும் போடாமல். வெறும் 'செட்டு'. கேட்பவர்தான் எந்த செட்டு என்று புரிந்துகொள்ள வேண்டும். புரியாவிட்டால் அது கேட்டவர் பாடு.

ஒரு திருவிழா ராத்திரி. வள்ளி திருமணம் நாடகம். மணி பத்தாகிவிட்டது. திடலில் பாய் விரித்து ஜனம் உட்கார்ந்தாயிற்று. விழாக் கமிட்டிப் பெரியவர் செட்டுக்காரரைப் பிடித்தார்.

"தம்பி, செட்டு என்னப்பா ஆச்சு?"

"கிளம்பிருச்சுங்கய்யா."

"எங்க வருது?"

"டவுனைத் தாண்டிருச்சு."

பெரியவர் மைக்கை வாங்கி, "நாடக நடிகர்கள் இன்னும் சற்று நேரத்தில் வந்துவிடுவார்கள். குழந்தைகளைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று அறிவித்தார். அரை மணி கழித்து ஒரு குட்டியானை வண்டி திடலுக்குள் நுழைந்தது. ராஜபார்ட் இறங்குவார், ஸ்திரீபார்ட் இறங்குவார், பபூன் குதிப்பார் என்று பிள்ளைகள் ஓடினார்கள். இறங்கியது ஜெனரேட்டர்.

"ஏம்ப்பா, ராஜபார்ட்டு எங்க?"

"நீங்க செட்டுன்னுதானே கேட்டீங்க? செட்டு வந்துருச்சுல்ல. இது இல்லாம ராஜபார்ட்டு இருட்டுலயா நின்னு பாடுவாரு?"

நாடக செட் வந்தபோது பாதிப் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். ஆர்மோனியமும் மிருதங்கமும் ஆல்ரவுண்டும் மேடையேறி, பபூன் வந்து சிரிக்க வைத்துத்தான் அவர்களை எழுப்ப வேண்டியிருந்தது. ஆல்ரவுண்டு என்பவரை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நாடகத்தில் அடி விழும்போது டமால் என்றும், பபூன் வழுக்கும்போது சர்ரென்றும் சத்தம் கொடுக்கிற மனிதர் அவர். என் கணக்கில் நாடகத்தில் பாதி அவர்தான்.

இதில் சட்டச் சிக்கல் வேறு உண்டு. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. விழாக் காலத்துக்கென்று ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். வள்ளி திருமணத்தில் நாரதர் மேடைக்கு வருவதற்குள் அந்தத் தளர்வும் தீர்ந்துபோகும். வள்ளியும் அவரும் தர்க்கத்தை முடித்து, முருகன் வேடனாக வந்து, யானை வந்து, கல்யாணம் ஆவதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். "நாடகத்துக்கும் சட்டத்துக்கும் செட்டே ஆகாதுங்க" என்பார் செட்டுக்காரர். காவல் நிலையத்துக்கு அனுமதி மனு எழுதும்போது மட்டும் அவர் இந்தச் சொல்லைத் தொடுவதில்லை. 'ஒலி ஒளி அமைப்பு' என்று சுத்தத் தமிழில் எழுதுவார்.

அதே திடலில், விடிகிற நேரத்தில் இன்னோர் அறிவிப்பு. "பந்தலுக்குள் ஒரு செட் கண்டெடுக்கப்பட்டுள்ளது. தவறவிட்டவர்கள் அடையாளம் சொல்லி மேடையில் பெற்றுக்கொள்ளவும்." முதலில் ஒரு கல்லூரிப் பெண் ஓடி வந்தாள். தோடும் நெக்லஸுமாக வாங்கிய கவரிங் செட்டில் ஒரு தோட்டைக் காணோமாம். அது இல்லை என்றார் செட்டுக்காரர். அடுத்து, கொட்டகைக்குப் பின்னால் ரம்மி ஆடிக்கொண்டிருந்த இருவர் வந்து, வந்த இடம் தப்பு என்று உணர்ந்து திரும்பிப் போனார்கள். கடைசியாக ஒரு தாத்தா, துண்டால் வாயைப் பொத்தியபடி மெல்ல ஏறி வந்தார். "அடையாளம் சொல்லுங்க ஐயா" என்றார் செட்டுக்காரர். தாத்தா துண்டை எடுத்தார். வேறு அடையாளம் தேவைப்படவில்லை.

இந்தச் சொல்லோடு வெள்ளைக்காரர்களும் பட்டிருக்கிறார்கள். 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமாக இடம் பிடித்த சொல் இதுதான். வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள், அந்தப் பதிவின் நீளம் ஏறத்தாழ 60,000 சொற்கள். பிற்பாடு 'ரன்' என்ற சொல் 645 பொருளோடு இதை முந்திவிட்டது. ஓடுகிற சொல் முந்தாமல் என்ன செய்யும்?

இருந்தாலும் அந்த அகராதிக்காரர்கள் திருவிழாச் சமயத்தில் ஒரு வாரம் இங்கே தங்கியிருந்தால் 'ரன்' ஜெயித்திருக்காது என்பது என் கட்சி. வயலுக்குப் போனால் பம்பு செட். தைல மரக்காட்டு ஓரத்தில் பத்துப் பையன்கள் நின்றால் "அது ஒரு செட்டு". அதில் தன் மகனும் நின்றால், "அவன் செட்டு சரியில்லை" என்று அம்மா அழுவார். "நாங்க ரெண்டு பேரும் ஒரே செட்டு" என்றால் பள்ளிக்கூடத்தில் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். ஓட்டலில் செட் தோசை. தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிற வம்பன் இந்த மாவட்டத்தில்தான், ஆகவே விதை வாங்கும் பேச்சிலும் "நம்ம மண்ணுக்கு வம்பன் உளுந்துதான் செட் ஆகும்" என்று வரும். உளுந்துக்குச் சொன்ன அதே வாயால் அடுத்த நிமிஷமே, "அந்தச் சம்பந்தம் நமக்கு செட் ஆகாதுப்பா" என்று ஒரு கல்யாணத்தையும் நிறுத்திவிடுவார்கள்.

செட்டுக்காரர் இதற்கு இலக்கணமும் வைத்திருக்கிறார். பையன் சிங்கப்பூரில் செட்டில் ஆகிவிட்டான் என்றால், செட்டு கூட்டல் இல், ஏழாம் வேற்றுமை, அதாவது நல்ல செட்டுக்குள்ளே இருக்கிறான். செட்டப் என்றால் செட்டுக்கு அப்பன்; சாதாரண செட்டுக்குள் அடங்காத விவகாரம். அதற்கு மேல் அதை விளக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, பக்கத்தில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார்.

அந்த அம்மாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். செட்டுக்காரர் வாங்கும் அட்வான்ஸ் எல்லாம் டீசலாகவும், எரிந்துபோன யூனிட்டாகவும், டீயாகவும் கரைந்துவிடும். எஞ்சியதில் இரண்டு பெண்களைப் படிக்க வைத்தது அந்த அம்மாள்தான். கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துகிறவர். இந்தச் செட்டு நம்முடைய சொந்தச் சொல், சிக்கனம் என்று பொருள். ஆங்கிலச் செட்டு அத்தனையும் கணவரிடம் இருக்க, தமிழ்ச் செட்டு ஒன்றே ஒன்று மனைவியிடம். வீடு ஓடுவது அதில்தான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது இந்த வட்டாரத்தில் தென்னையும் பலாவும் மின்கம்பங்களும் சேர்ந்து சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லை. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓட வேண்டும், மோட்டார் ஓட ஜெனரேட்டர் வேண்டும். கல்யாணத்துக்கும் கச்சேரிக்கும் போன ஜென்செட்டுகள் அந்த நாட்களில் தொட்டி தொட்டியாகப் போயின. செல்போன் சார்ஜ் ஏற்ற வயர் வயராகத் தொங்கியது. அந்த நாட்களில் மட்டும் "செட்டு எங்கே?" என்று கேட்டால் யாருக்கும் குழப்பம் வரவில்லை. செட்டுக்காரர் வாடகை வாங்கினாரா என்றால், வாங்கினார். டீசலும் ஆள்கூலியும் கைக்காசு. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும், "செட்டு கிளம்பிருச்சு" என்றால் அன்றைக்கு உண்மையிலேயே கிளம்பியிருந்தது. அதற்காக அவருடைய மற்றப் பொய்களை மன்னிக்கலாம் என்று நினைக்கிறேன்.

இப்போது ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடகாடு, கீரமங்கலம் பக்கத்து விருந்துக்கெல்லாம் சேர்த்து அந்த மாதங்களில் செட்டுக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. சீக்கிரம் சொல்லிவிடுங்கள். சொல்லும்போது எந்த செட்டு, எத்தனை மணிக்கு, எந்தப் பந்தலுக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். "செட்டு சொல்லியாச்சு" என்று வாய்ப்பேச்சோடு வீட்டுக்குப் போய்விட்டால், விருந்தன்று வாசலில் பேண்டு செட் வந்து நிற்கும். பேண்டு முழங்குகிற பந்தலில் மொய் எழுதுகிறவருக்கு ஐயாயிரமா, ஆயிரமா என்று காதில் விழாது.