நாலை மூணாக்கிய செவ்வாய்க்கிழமை

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2012-இல் தன் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை ஒட்டகத்தில் ஏற்றியது. எஃப்கேட் என்ற மாநிலப் பொதுத் தேர்வில், ஒட்டகச் சவாரிக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தால் என்னவெல்லாம் நடக்கும் என்று கதை எழுதச் சொன்னார்கள். முதலை நடமாடும் ஊர்ப் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த ஒட்டகத்தை ஓட்டிவிட்டு வந்தார்கள். மே மாதம் ரிசல்ட் வந்தபோது முக்கால்வாசிப் பேர் கீழே கிடந்தார்கள்.

கட்டுரைக்கு மொத்தம் 6 மதிப்பெண், 4 எடுத்தால் பாஸ். முந்தைய ஆண்டு பாஸானவர்கள் 81 சதவீதம். அந்த ஆண்டு 27.

ஒரே வருஷத்தில் ஒரு மாநிலத்துப் பிள்ளைகள் எல்லாரும் எழுத மறந்துவிட்டார்களா என்ன? அதுவரை எழுத்துப்பிழையையும் இலக்கணப்பிழையையும் கண்டும் காணாமல் விட்டுவந்த கல்வித் துறை, இனிமேல் கண்டிப்பு என்று முடிவு செய்திருந்தது. சொல்லும் விவரம் விஷயத்தோடு ஒட்ட வேண்டும், உருப்போட்ட அலங்கார வாக்கியம் செல்லாது என்றும் சேர்த்துக்கொண்டது. நியாயமான ஆசைதான். ஆனால் சீர் லிஸ்டை மாற்றிய சம்பந்தி அதைப் பெண் வீட்டாருக்குச் சரியாகச் சொல்லாமல் விட்ட கதையாக, பல பள்ளிகளுக்குத் தகவல் தெளிவாகப் போய்ச் சேரவில்லை.

பள்ளிகள் அலறியதற்குக் காரணம் உண்டு. ஜெப் புஷ் கவர்னராக இருந்தபோது, 1999-இல், தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பள்ளிக்கூடங்களுக்கே ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை கிரேடு போடும் வழக்கம் வந்தது. ‘ஏ’ வாங்கினால் மாணவர் தலைக்கு 100 டாலர் வரை வெகுமதி. ‘எஃப்’ வாங்கினால் ஊர் முழுக்கத் தலைகுனிவு. ஒன்பது வயசுப் பிள்ளை காற்புள்ளியை விட்டால் ஹெட்மாஸ்டருக்கு ரத்த அழுத்தம் ஏறும் ஏற்பாடு இது.

மே 15, செவ்வாய்க்கிழமை. மாநிலக் கல்வி வாரியம் அவசரமாகக் கூடியது. விடைத்தாளை மறுபடி திருத்தலாம், பிள்ளைகளுக்கு மறுபடி சொல்லிக்கொடுக்கலாம். இரண்டுமே வேலை பிடிக்கும் சமாச்சாரம். பெரியவர்கள் யோசித்து, பாஸ் மார்க்கை 4-இலிருந்து 3 ஆக்கினார்கள். பாஸ் சதவீதம் எவ்வளவு ஆனது தெரியுமா? 81! ஒரு தாளையும் பிரிக்காமல், ஒரு எழுத்துப்பிழையையும் தொடாமல், நூற்றுக்கு 54 பிள்ளைகளுக்கு ஒரே நாளில் எழுத்தறிவித்த சபை அது. சரஸ்வதியே எழுந்து இடம் கொடுத்திருப்பாள்.

பெரியவர்களுக்கே எஃப்கேட் தேர்வை வைத்தால்? அதையும் ஒருவர் செய்து பார்த்திருந்தார். ஆரஞ்சு கவுண்டி பள்ளி வாரிய உறுப்பினர், இரண்டு முதுகலைப் பட்டம் பெற்றவர். பத்தாம் வகுப்புத் தேர்வின் ஒரு வடிவத்தைத் துணிந்து எழுதினார். கணக்கில் 60 கேள்விக்குச் சரியான விடை 10. அதுவும் குத்துமதிப்பில் விழுந்ததாம். 2011 கடைசியில் இது பத்திரிகையில் வந்தது.

2012 ஜூலையில் வெளியிட்ட பள்ளி கிரேடுகளில் 213 பள்ளிகளுக்குத் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று துறையே ஒப்புக்கொண்டு திருத்தியது. கணக்குத் தேர்வு நடத்துகிறவர்கள் ஆயிற்றே! கல்வி கமிஷனர் ஜெரார்ட் ராபின்சன் ஆகஸ்டோடு மூட்டை கட்டினார். 2013 ஜனவரியில் அந்த நாற்காலிக்கு வந்தவர், இண்டியானாவில் தேர்தலில் தோற்றிருந்த டோனி பென்னட். ஏழு மாதம் தாக்குப்பிடித்தார். இண்டியானாவில் அவர் இதே மாதிரிப் பதவியில் இருந்த காலத்தில், கட்சிக்கு நன்கொடை கொடுப்பவர் ஒருவரின் சார்ட்டர் பள்ளிக்கு வந்த ‘சி’ எப்படி ‘ஏ’ ஆனது என்று பழைய மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. சூத்திரத்தில் இருந்த கோளாறைத்தான் சரிசெய்தேன், தப்பு எதுவும் செய்யவில்லை என்று சொல்லிவிட்டு ராஜினாமா செய்தார்.

2015-இல் கட்டுரை எழுதுவதற்குப் புதுப் பெயரில் புதுத் தேர்வு வந்தது. இந்த முறை பல வகுப்புகளுக்குக் கம்ப்யூட்டர். முதல் நாளே லாகின் ஆகாமல் திரை உறைந்து நின்றது.