வள்ளிக்கு ஒத்திகை கிடையாது

எங்கள் பக்கம் பங்குனிப் பொங்கல் என்றால் ஒரு ராத்திரி 'வள்ளி திருமணம்' உண்டு. ஊர்ப் பெரியவர்கள் பஸ் பிடித்து மதுரைக்குப் போவார்கள். சுண்ணாம்புக்காரத் தெரு நடிகர் சங்கத்துப் பக்கம் விசாரித்து ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் என்று தனித்தனியாகப் பேசி முன்பணம் கொடுப்பார்கள். வேலவரும் வள்ளியும் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும் உண்டு. ஒத்திகையா? அதற்கு யார் காசு கொடுப்பது? பத்து மணிக்கு மேல் பபூன் வருவார். தர்க்கம் முற்றிக் கல்யாணம் ஆவதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். பாயோடு வந்த சனம் நடுவில் தூங்கி எழுந்து, விட்ட இடத்தைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். ராஜபார்ட்டுக்குச் சுருதி விலகினால் மட்டும் தூங்குகிறவர்களும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

எல்லாம் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக்கொடுத்த பாதை. 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியவர். 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பார்கள். 1922இல் அவர் காலமானார். இப்படித் தனித்தனியாகப் பேசிச் சேர்க்கப்படும் ஸ்பெஷல் நாடகக்காரர்கள் அதன்பிறகு புதுக் கதைக்கு அவசரம் காட்டியதாகத் தெரியவில்லை.

அவசரப்பட்டவர்கள் வேறு ஆட்கள், நவீன நாடகக்காரர்கள். 1977இல் காந்திகிராமத்தில் சே. ராமானுஜம் நாடகப் பட்டறை நடத்தினார். மறு வருடமே மதுரையில் மு. ராமசாமியின் 'நிஜ நாடக இயக்கம்' பிறந்தது. கிரேக்கத்து ஆன்டிகனி 'துர்க்கிர அவல'மாகத் தமிழ் பேசினாள். 'கலகக்காரர் தோழர் பெரியார்' மேடையேறினார். பிற்பாடு சண்முகராஜாவின் 'நிகழ்' நாடக மையமும் வந்தது.

நாடகம் வளர்ந்தது. ஒத்திகை அதைவிட வளர்ந்தது. இப்போது மாதக்கணக்கில் மொட்டை மாடியில் உருண்டு புரண்டு பயிற்சி எடுக்கிறார்கள். நாடகம் ஒன்றரை மணி நேரம். பெரும்பாலும் ஒரே ஒரு மாலை. பிறகு டீ. பிறகு கலந்துரையாடல், அது நாடகத்தைவிட நீளம். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அடுத்த மாதம் நாடகம் போடப்போகிறவர்கள், மீதிப் பேர் போன மாதம் போட்டவர்கள். கதாநாயகனுக்குச் சினிமாவில் அழைப்பு வந்துவிட்டால் அந்த ஒரு மாலையும் தள்ளிப்போகும். (வந்தவர்களில் யாருமே தூங்குவதில்லை. நாற்காலி அப்படி.)

கேலி செய்தாலும் நான் போகாமல் இருப்பதில்லை. வள்ளி யாரைக் கட்டுவாள் என்று ஊருக்கே தெரியும். முடிவு தெரியாத கதைக்கு இந்த மொட்டை மாடிப் பிள்ளைகளிடம்தான் போக வேண்டியிருக்கிறது. ஆனால் அன்று நாடகச் செலவு ஊர் வரியில் வந்தது. இன்று மண்டப வாடகையை நடிக்கிறவர்களே பங்கு போட்டுக் கட்டுகிறார்கள். அடுத்த தடவை தெரிந்த பையன் நாடகம் போடுகிறான் என்றால், தயவுசெய்து பாஸ் கேட்காதீர்கள், டிக்கெட் வாங்குங்கள்.